வீட்டை இழுக்க ஒரு வண்டி

வீட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதை இழுக்க வண்டி தேடி அலைந்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தனியாக அலைந்திருந்தால் எனக்கென்ன போச்சு? என்னையும் சேர்த்து அலைய வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், என் குட்டி யானை லோடு வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பக்கம் போலாம்பா?" என்று என்னையே கேட்பார். வண்டி வாங்கப் போகிறவர் அவர். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டுமாம்!

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், மீதிப் பேர் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். நான் அப்போது சொந்தமாக லோடு வண்டி வைத்து, பட்டு நூல் மூட்டையும் கல்யாண வீட்டுப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிறேன். அவரைப் பார்த்துப் பல வருஷமாகிறது. ஆனாலும் ரோட்டில் எந்த வண்டி எதை இழுத்துக்கொண்டு போனாலும், 'இது தாங்குமா?' என்று அவர் கேட்பதுபோல ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடும். நல்ல வியாதியை ஒட்டவைத்துவிட்டுப் போனார்.

அவர் வேலை பார்த்தது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து புடவை எடுத்துப் போடுகிற வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணப் புடவை எடுக்க ஒரு வேன் நிறையக் கூட்டம் வந்து இறங்கும். அத்தைக்காரி அரக்கு என்பாள். பெண் கத்திரிப்பூ நிறம் என்பாள். பெண்ணின் அப்பா வாயே திறக்காமல் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அண்ணன் யாரிடமும் எது பிடித்திருக்கிறது என்று கேட்கமாட்டார். பத்துப் புடவையை விரித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக மடித்து எடுத்து வைக்க ஆரம்பிப்பார். வேண்டாததை எடுக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். ஏதோ ஒரு புடவையில் அவர் கை பட்டதும் கல்யாணப் பெண் லேசாக நிமிர்ந்து உட்காருவாள். அவ்வளவுதான். "இத்த பில் போடுப்பா" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார்.

"பிடிச்சது எதுன்னு மனுசாளுக்குத் தெரியாதுப்பா. எத்த எடுத்துக்கினு போனா வலிக்குதோ அதான் பிடிச்சது" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிறகுதான் தெரிந்தது.

தன் சொந்தப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை அவரால் எடுக்க முடியவில்லை. நம்புவீர்களா? கடை அவருடைய கடை மாதிரி. எந்த அலமாரியில் எந்தக் கரை இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். அன்றைக்குப் பெண்டாட்டியும் பெண்ணும் விரிப்புக்கு அந்தப் பக்கம் உட்கார, இவர் மாலை முழுக்க எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றை மடிப்பாராம், மறுபடி பிரிப்பாராம். "இதுல முந்தி நல்லா இருக்குது, ஆனா உடம்பு கொஞ்சம் மட்டு. அதுல உடம்பு ஜோரு, ஆனா கரை சின்னது." மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் அண்ணி, அதாவது அவர் மனைவி, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய், ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் புடவையும் பையுமாகத் திரும்பிவிட்டார்.

"எதிர்க்கடையில எடுத்துட்டாப்பா. முதலாளி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

"புடவை எப்படிணா இருக்குது?"

"நல்லாதான் இருக்குது. அதான்பா இன்னும் கஷ்டமா இருக்குது."

அண்ணிக்கும் அவருக்கும் சண்டையே கிடையாது. சண்டை போட வேண்டுமென்றால் ஒரு பக்கம் நிற்க வேண்டுமே, இவர் எங்கே நிற்பார்? வீடு அவர் அப்பா காலத்து வீடு. அண்ணன் தம்பி மூன்று குடும்பம், நடுக்கூடத்தில் இரண்டு தறி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை. தறிச்சத்தம் விடியலில் ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓயாது. இவர்கள் இரண்டு பேரும் படுப்பது தறிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால். கல்யாணமான புதிதிலிருந்து அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: தனியாக ஒரு வீடு. வாடகைக்கே இருக்கட்டும், ஒற்றை அறையாகவே இருக்கட்டும், நமக்கென்று இருக்கட்டும்.

இவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு பார்த்தால் வாசல் தெற்கே பார்க்கிறது என்பார். ஓரிக்கையில் பார்த்தால் தண்ணீர் உப்பு. வாசலும் தண்ணீரும் சரியாக இருந்தால் பக்கத்து வீட்டில் நாய். பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் புனேவுக்குக் குடித்தனம் போன பிறகும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அண்ணி ஒருநாள் காலையில் துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்து, "வீடு பார்த்துட்டு சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, செய்யாறில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அழுகையும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. இவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார்! வழியெல்லாம் போகாதே என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாராம். யோசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்லித் திட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

அதன் பிறகு தினமும் போன் பண்ணுவார். அண்ணி எடுப்பார். "பார்த்தாச்சா?" என்பார். "பார்த்துக்கினே இருக்குறேன்" என்பார் இவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே பகலில் ஒரு வீடு வாங்கினார் என்றால் எப்படி இருக்கும்? கடைக்குப் புடவை எடுக்க வந்த ஒருவர், மூடிப்போன ஒரு கடற்கரை விடுதியின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவர் போனில் ஒரு படம் காட்டினார். சக்கரம் வைத்த வீடு. வெளிநாட்டிலிருந்து எந்தக் காலத்திலோ வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், எல்லாம் இருக்கிறது. என்ஜின் மட்டும் கிடையாது. வேறொரு வண்டிதான் இழுக்க வேண்டும். அண்ணன் கையிலிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாராம்.

"இதுக்குத் தெரு பார்க்க வேணாம். பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லையா? கிளம்பு. வாசல் தெற்க பாக்குதா? திருப்பி வச்சா கிழக்க பாக்குது. இதுல யோசிக்க இன்னாபா இருக்குது?" என்றார் என்னிடம். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது, பைத்தியக்காரத்தனம் மாதிரியும் இருந்தது.

வீடு ஒரு நீள லாரியின் மேல் படுத்துக்கொண்டு வந்தது. செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், அவர் சிநேகிதரின் காலி மனையில் கிரேன் வைத்து இறக்கினார்கள். லாரியும் கிரேனும் போன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட சாமான் என்று எங்களுக்குப் புரிந்தது. பின்பாதியில் நாலு சக்கரம். முன்பாதி மாடி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குள்தான் கட்டில். கீழே இரண்டு இரும்புக் கால்கள் ஊன்றி நிற்கின்றன. நீட்டிய பாகத்துக்கு அடியில், தரையைப் பார்த்தபடி ஒரு தடித்த இரும்பு முளை. டிராக்டர் டிரெய்லர் மாதிரி பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற விஷயமே இல்லை. இழுக்கிற வண்டியின் முதுகில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு தட்டு பொருத்தி, அதன்மேல் இந்த முளையை உட்கார வைக்க வேண்டும். சுங்குவார்சத்திரம் பக்கம் போகிற கண்டெய்னர் வண்டிகள் எல்லாம் அப்படித்தான்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டை இழுத்துக்கொண்டு போய் செய்யாறில் மச்சான் வாசலில் நிறுத்தி, "வீடு பார்த்தாச்சு, வெளிய வந்து பாரு" என்று சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை நல்ல ஆசைதான். அதற்கு ஒரு வண்டி வேண்டுமே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

"ஒரு நாள் வாடகைக்கு ஏதாவது இழுவை எடுத்தாப் போச்சு" என்றேன்.

"சொந்த வீட்ட வாடகை வண்டில இழுத்துக்கினு போனா, திருப்பி எப்ப விடணும்னு அவ கேப்பாப்பா. அவளுக்கு இன்னா பதில் சொல்றது?"

அங்கிருந்து ஆரம்பித்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். ஐயங்கார்குளத்தில் டிராக்டர் வைத்திருக்கிறவர், டிராக்டர் மலையையே இழுக்கும் என்றார். மலைக்கு முளை இல்லை, எங்கள் வீட்டுக்கு இருக்கிறதே, அதை டிராக்டரில் எங்கே உட்கார வைப்பது என்று கேட்டால் முறைத்தார். கண்டெய்னர் டிரைவர் ஒருவர் தன் வண்டித் தட்டைக் காட்டினார். தட்டு என் மார்பு உயரத்தில் இருந்தது. அதன்மேல் நம் வீட்டை ஏற்றினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் ரோட்டில் தேயும். பழைய வண்டி விற்கிறவரோ, இரட்டைக் கதவு பிக்கப் ஒன்றைக் காட்டி, இது மூணு டன் இழுக்கும் என்று சத்தியம் செய்தார். லைசென்ஸ் புரோக்கர் ஒருவரிடம் போனால், "மொதல்ல இது வண்டியா வீடா, அத்த சொல்லுங்க. வண்டின்னா வரி எங்ககிட்ட, வீடுன்னா மாநகராட்சில" என்றார். அண்ணன் ஒவ்வொருவர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "அவரு சொல்றதும் சரிதானப்பா?" என்பார். எல்லோர் சொல்வதும் சரியென்றால் நான் என்ன செய்ய?

வாலாஜாபாத் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் கூட்டாளி ஒருவன்தான் புதிதாக ஒரு குழப்பத்தைக் கிளப்பினான். "இழுக்குறது பெருசில்லணா. அதோட எடையில அஞ்சுல ஒரு பங்கு இழுக்குற வண்டி முதுகுல குந்தும். அத்த தாங்குமா பாரு" என்றான். சரி, வீட்டின் எடை என்ன? கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு எண் இருந்தது. இரண்டுமே ராத்தல், அதாவது பவுண்டு கணக்கில். ஒன்று வெறும் வீட்டின் எடை, இன்னொன்று தண்ணீர், சாமான், எல்லாம் ஏற்றிய பிறகு இருக்கலாம் என்கிற எடை என்று அவன் சொன்னான். எது எது என்று அவனுக்கும் நிச்சயமில்லை. அண்ணனுக்கு இது மட்டும் சட்டென்று புரிந்தது. "புடவை எடையா, பெட்டியோட எடையான்னு கேளு" என்றார்.

எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எடை மேடைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். எந்த வண்டி என்று தெரிய எடை தெரிய வேண்டும். மூன்று பேரும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் பழைய வண்டி விற்கிற இடத்திலேயே போய் நின்றோம். அங்கே அண்ணன் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். எட்டு வண்டியை வரிசையாக நிறுத்தச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்! புடவை மடித்து வைக்கிற அதே கணக்கு. விற்கிறவர் பாவம், பெரிய வியாபாரம் என்று நினைத்து ஆளை விட்டு ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அந்த இரட்டைக் கதவு பிக்கப், வெள்ளை நிறம். இன்னொன்று பின்பெட்டி கழற்றிய ஒரு சின்ன லாரி. பிக்கப்பில் அண்ணி சொகுசாக உட்காரலாம். லாரியில் பட்டை பட்டையாக ஸ்பிரிங், எவ்வளவு வைத்தாலும் தாங்கும். ஆனால் ஏறி இறங்க ஏணி வேண்டும், அண்ணிக்கோ முட்டி வலி. பிக்கப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், போயிற்று. திரும்பி வரச் சொல்லி, லாரியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதுவும் போயிற்று.

"இன்னாணா?" என்றேன்.

"ரெண்டும் போறப்ப ஒரே மாதிரி வலிக்குதுப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மனுஷனை நம்பிப் பிரயோஜனமில்லை, சாமியைக் கேட்போம் என்று பூக்கட்டிப் பார்க்கப் போனோம். எங்கள் பக்கம் கல்யாணமோ வீடோ, முடிவு வராவிட்டால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் மடித்து சந்நிதியில் போட்டு எடுப்பது வழக்கம். வெள்ளை பிக்கப், சிவப்பு லாரி என்று மனதில் நினைத்துக்கொண்டார். என்னிடமும் சொன்னார், மறந்துபோனால் சாட்சி வேண்டுமாம். குருக்கள் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை. விஷயம் முடிந்ததா? அண்ணன் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இன்னொரு தரம் எடுக்கலாமா சாமி?" என்றார்.

"அம்பாள் என்ன உங்க கடையிலயா வேலை பார்க்கிறா, திரும்பத் திரும்ப எடுத்துக் காட்ட?" என்றார் குருக்கள். நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அண்ணனை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் புனேவிலிருந்து பெண் போன் பண்ணினாள். அவளுக்கு ஆறாம் மாதம். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாளாம். பிரசவத்துக்கு மட்டுமல்ல, இனிமேல் அங்கேயேதான். அண்ணியும் சரியென்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி அரக்கோணத்தில் ரயில். இதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "போயிட்டான்னா திரும்ப மாட்டாப்பா. அவ அப்படித்தான், ஒரு தரம்தான் முடிவு பண்ணுவா" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில வீடு செய்யாறுல நிக்கணும்" என்றேன் நான். பூவில் வந்த பிக்கப்பையே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம் என்று கேட்டு வாங்கினோம். பட்டறைக்காரக் கூட்டாளி ராவும் பகலுமாக உட்கார்ந்து அதன் முதுகில் தட்டு பொருத்தினான். "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று சொல்லிக்கொண்டேதான் பொருத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை. பிக்கப்பைப் பின்னால் எடுத்து முளைக்கு நேராக நிறுத்தினேன். கூட்டாளி வீட்டின் முன் கால்களைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினான். முளை தட்டில் வந்து உட்கார்ந்தது. பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. பிக்கப்பின் பின்பக்கம் பின்னங்காலை மடக்கி உட்காருகிற யானை மாதிரி மெல்ல மெல்ல அமுங்கியது. டயர் பிதுங்கியது. முன்பக்க விளக்கு இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. "போதும், போதும், நிறுத்து!" என்று கத்தினேன். வீடு பாதி காலிலும் பாதி பிக்கப்பிலும் நின்றது. இந்த லட்சணத்தில் செய்யாறு எங்கே, பாலத்தைக்கூடத் தாண்டாது.

அண்ணன் போனைக் கையில் எடுத்தார், பார்த்தார், சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். "சொல்லலாமா வேணாமாப்பா?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, போனைப் பிடுங்கி நானே அண்ணிக்குப் போட்டேன்.

"அண்ணி, உங்க வீடு செவிலிமேட்டுல நிக்குது. உங்க பஸ்ஸு இந்த வழியாத்தான வருது? இறங்கி ஒரு தரம் பார்த்துட்டுப் போங்க."

"எந்த வீடு?" என்றார் அண்ணி.

"வந்து பாருங்க" என்று வைத்துவிட்டேன். வேறெப்படிச் சொல்வது?

மதியம் வந்தார். கையில் பெட்டி. புதுப்புடவை, தலையில் பூ, பயணம் போகிற கோலம். முதலில் பிக்கப்பைத்தான் பார்த்தார். "இது ஏன் மூக்கத் தூக்கிக்கினு நிக்குது?" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டோம். அலமாரி திறக்கும் சத்தம், மூடும் சத்தம். குளியலறைக் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பிறகு வாசலுக்கு வந்து அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"இது நமக்கு மட்டுந்தானா?"

"நமக்கு மட்டுந்தான்" என்றார் அண்ணன். யோசிக்காமல் அவர் சொன்ன ஒரே பதில் அதுவாகத்தான் இருக்கும்.

"கொஞ்சம் படுக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் முன்பக்கக் கட்டிலுக்கு ஏறியதும் பிக்கப் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

அரை மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அரக்கோணத்தில் ரயில். மூன்றரைக்கு அண்ணன் ஆரம்பித்தார். "எழுப்பலாமாப்பா?"

"எழுப்புணா, டிக்கெட்டு வீணாப் பூடும்" என்றான் கூட்டாளி.

"எழுப்பாதணா. எழுப்பினா போயிடுவாங்க" என்றேன் நான்.

"போகணும்னு தயாரா வந்துக்கிறாங்க. எழுப்பலன்னா நம்மளத் திட்ட மாட்டாங்களா?" என்றான் அவன். அதுவும் சரியாகத்தான் பட்டது. பிள்ளைத்தாச்சிப் பெண் அங்கே அம்மா வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப எழுப்பிடுணா" என்றேன். சொன்னதும் அந்த நடுக்கூடமும் தறிச் சத்தமும் மனதில் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாரா? "வேணாம், இருணா" என்றேன். என்னை அலைய வைத்தார் என்று அவரைச் சொன்னேனே, அன்றைக்கு நான்தான் அவரைக் குழப்பினேன்.

அவர் படியில் ஏறிப் போய்க் கதவுக்கு முன்னால் கையைத் தூக்குவார். தட்டாமல் இறங்கி வருவார். ஒருமுறை அவர் கை தூக்கியபோது பிக்கப் லேசாக ஆடியது. புரண்டு படுக்கிறார் போலிருக்கிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பெண் போன் பண்ணி, "அம்மா எடுக்கமாட்டேங்கிறாங்க, கிளம்பிட்டாங்களா நைனா?" என்று கேட்டாள். "இருக்காங்கம்மா, இங்கதான் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. என்ன மனுஷனய்யா இவர் என்று ஒரு பக்கம் எரிச்சல். அந்த முகத்தைப் பார்த்தால் இன்னொரு பக்கம் பாவமாக இருந்தது.

நாலரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. பஸ் போயிருக்கும். கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். வெயில் இறங்கி, ஆற்றுப் பக்கமிருந்து இருட்டு வருகிற நேரத்தில் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன்.

அண்ணி கதவைத் திறந்து வாசலில் நின்றார். தலைப்பூ கசங்கியிருந்தது.

"மணி இன்னா?"

அண்ணன் சொன்னார்.

"ஏன் எழுப்பல?"

"எழுப்பலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினே இருந்தேன்."

தொலைந்தோம் என்று நினைத்தேன். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா சிரிப்பா என்று இருட்டில் தெரியவில்லை.

"நான் எங்க தூங்குனேன்? முழிச்சிக்கினுதான் இருந்தேன். எழுப்புறீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

எழுப்பியிருக்க வேண்டுமா, எழுப்பாமல் இருந்ததுதான் சரியா? இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும் அப்போது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அண்ணி கீழே இருந்த பெட்டியைக் கைகாட்டினார்.

"அத்த எடுத்துக்கினு உள்ள வாங்க. கொசு வருது."